பாரிஸ் மாடியும் பால் சர்க்கரையும்

கிருமி என்றதுமே நமக்கு நோய்தான் ஞாபகம் வருகிறது. காலரா, டைபாய்டு, க்ஷயம் என்று பெயர்களும் கூடவே வந்து நிற்கும். இங்கே நான் சொல்லப் போகும் கிருமி அவ்வளவு பொல்லாததல்ல. கோலி என்று அதற்குப் பெயர். 1885-ம் வருஷம் எஷெரிஹ் என்ற ஜெர்மானிய டாக்டர் கைக்குழந்தைகளின் மலத்தைச் சோதித்தபோது அகப்பட்டது. அந்த வம்சத்தில் சில துஷ்டர்களும் உண்டு. பெரும்பாலானவை நம் குடலில் குடியிருந்துகொண்டு, யாருக்கும் அதிகத் தொந்தரவில்லாமல் காலம் தள்ளுகின்றன. நீளவாட்டில் வரிசையாகப் படுக்கவைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஐந்நூறு கிருமிகள் அடங்கும். நல்ல ஆகாரம் கிடைத்துவிட்டால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒன்று இரண்டாகும்.

இந்த அற்பப் பிராணியின் சாப்பாட்டு ஜாபிதா சின்னதல்ல. குளுக்கோஸ் சாப்பிடும், பாலில் இருக்கிற லாக்டோஸ் சாப்பிடும், அராபினோஸ், ஸைலோஸ், மால்டோஸ் எல்லாம் சாப்பிடும். ஆனால் ஒவ்வொன்றையும் உடைக்கத் தனித்தனி என்சைம் வேண்டும். (பாடப் புத்தகங்களில் நொதி என்று எழுதுகிறார்கள்.) லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்து நிற்கும் இரட்டைச் சர்க்கரை. அந்தக் கையைப் பிரித்துவிடும் என்சைமின் பெயர் பீட்டா-காலக்டோசிடேஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் இந்தச் சரித்திரத்தின் கதாநாயகன் அது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குளுக்கோஸில் வளர்ந்த கிருமியைச் சோதித்தால் இந்த என்சைம் ஏதோ பெயருக்கு ஒன்றிரண்டு இருக்கும். அதையே லாக்டோஸில் எடுத்து விட்டால் சில நிமிஷங்களில் உற்பத்தி ஆரம்பித்து ஆயிரம் மடங்கு வரை பெருகிவிடுகிறது. லாக்டோஸை எடுத்துவிட்டால் உற்பத்தியும் நின்று போகிறது. வேண்டியபோது செய்து, வேண்டாதபோது நிறுத்துகிற இந்தச் சிக்கனத்தைக் கிருமிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதற்கு மூளையில்லை, நரம்பில்லை, முன்யோசனை என்பதற்கு இடமேயில்லை.

கேள்வி பழையது. 1900-ம் வருஷமே பாரிஸில் டீனேர் என்பவர் ஈஸ்டில் இதே விசித்திரத்தைக் கண்டு எழுதியிருந்தார். குளுக்கோஸில் வளர்ந்த ஈஸ்டைக் காலக்டோஸில் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு, அப்புறம்தான் அதை நொதிக்க ஆரம்பிக்கிறது. பின்லாந்தில் கார்ஸ்ட்ரோம் என்பவர் 1930-களில் என்சைம்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தார்: எப்பொழுதும் இருப்பவை ஒரு ஜாதி, தேவைக்கேற்பத் தோன்றுபவை மற்றொரு ஜாதி. இரண்டாவதற்கு 'தகவமைந்த என்சைம்' என்று பெயர் வந்தது. பெயர் வைத்ததோடு சரி; காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. சூழ்நிலையைப் பார்த்து உயிர் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்ற பொருள் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. அது எவ்வளவு விபரீதத்துக்கு வழி வைக்கக்கூடியது என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

ஜாக் மோனோ 1910-ல் பிறந்தவர். தகப்பனார் ஓவியர், தாயார் அமெரிக்கப் பெண்மணி. குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலோடு மலையேறுவார். செல்லோ வாத்தியம் நன்றாக வாசிப்பார். பாக் என்ற மேதையின் சங்கீதத்தைப் பாட ஒரு கோஷ்டியே சேர்த்து நடத்தினார். சங்கீதமா விஞ்ஞானமா என்று முப்பது வயசு வரையில் அவருக்கே தீர்மானமில்லை. 1936-ல் கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் அவரும் போயிருக்க வேண்டியது. எஃப்ருசி என்ற நண்பர் வற்புறுத்தி அமெரிக்காவுக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தக் கப்பல் ஐஸ்லாந்துக் கரையருகே புயலில் உடைந்தது; ஒரே ஒருவர்தான் பிழைத்தார். ஆயுசு கெட்டி என்று நம் ஊரில் சொல்வார்கள். மனைவி ஓடெட், தொல்பொருள் ஆராய்ச்சி செய்தவர். நம் நாட்டுக் கோயில்களின் படங்களைத் தொகுத்துக் குறிப்பெழுதி 1930-களிலேயே புத்தகம் வெளியிட்டவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவது 1940-ம் வருஷம்.

ஜூன் மாதம் ஜெர்மானியர் பாரிஸுக்குள் வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மோனோ சொர்போன் சர்வகலாசாலையில் ஒரு மிக எளிய காரியம் செய்துகொண்டிருந்தார். கிருமிகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு சர்க்கரைகளைக் கொடுத்து, அவை எப்படிப் பெருகுகின்றன என்று கணக்கெடுத்தார். சில ஜோடிகளில் விசேஷம் ஒன்றுமில்லை. வேறு சில ஜோடிகளில், குளுக்கோஸும் லாக்டோஸும் போல, கிருமிகள் விறுவிறு என்று பெருகின, திடீரென்று நின்றன, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன, மறுபடி பெருகின. வரைபடத்தில் இரண்டு படிகள் விழுந்தாற்போல் இருந்தது. சர்க்கரையின் அளவை மாற்றிப் பார்த்தார். முதல் படியின் உயரம் குளுக்கோஸின் அளவையே அனுசரித்தது. ஆகவே கிருமி முதலில் குளுக்கோஸைத் தீர்த்துவிட்டு, பிறகுதான் மற்றதில் கை வைக்கிறது. லட்டையும் இட்டிலியையும் ஒரே இலையில் வைத்தால் நம் வீட்டுக் குழந்தைகள் செய்வதும் இதுதான். ஆனால் குழந்தைகள் நடுவில் நிறுத்திவிட்டு யோசிப்பதில்லை. அந்த நடு ஓய்வுதான் விஷயமே.

மோனோ இந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாஸ்ச்சர் நிலையத்துக்கு, ஆந்த்ரே லுவோஃபிடம் போனார். லுவோஃப் எட்டு வயசு பெரியவர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் பிள்ளை, நுண்ணுயிர் ஆராய்ச்சியில் அப்பொழுதே பெயர் பெற்றவர். இதற்கும் என்சைம் தகவமைப்புக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றார். அது என்ன தகவமைப்பு என்று மோனோ திருப்பிக் கேட்டார். இதைப் பிற்காலத்தில் நோபல் பரிசுப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். தாம் கண்டதற்குப் பெயர் இருப்பதுகூட அவருக்குத் தெரியாது! நாற்பது வருஷப் புத்தகங்களைப் படித்துக் குழம்பாமல் நேரே கிருமியைப் பார்த்தது ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று என்பது என் அபிப்பிராயம். 1941-ல் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கிவிட்டார்.

அப்புறம் சில வருஷங்கள் இரட்டை வாழ்க்கை. மோனோ ரகசியப் போராட்டத்தில் சேர்ந்தார். மாலிவேர் என்று மாற்றுப் பெயர். அவருடைய ஆராய்ச்சி அறைக்கு அருகில் ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு ஒன்று நின்றதாகவும், ரகசியக் காகிதங்களை அதன் கால் எலும்புக்குள் சுருட்டி வைத்ததாகவும் சொல்வார்கள். சொர்போனில் இருப்பது அபாயமாகிவிடவே, லுவோஃபின் இடத்தில் ஒளிந்து சோதனை செய்தார். அங்கே அலீஸ் ஓதுரோ என்ற பெண்ணுடன் சேர்ந்து ஆராய்ந்த கிருமி வம்சத்துக்கு எம்.எல். என்று பெயர். 'எல்' என்பது லுவோஃப். அவருடைய குடலிலிருந்தே எடுத்த கிருமி! அந்த வம்சத்தால் லாக்டோஸைச் சாப்பிட முடியாது. ஆனால் எப்பொழுதாவது ஒன்று, தற்செயலான பரம்பரை மாறுதலால், சாப்பிடும் சக்தி பெற்றுவிடும். அப்படி மாறியதுகூட லாக்டோஸைக் கண்டால்தான் என்சைம் செய்கிறது. செய்யும் சக்தியைத் தருவது பரம்பரை. செய்யவைக்கும் சமயத்தைத் தருவது ஆகாரம். இரண்டும் வேறு வேறு என்பது அந்த இருண்ட குளிர்காலத்தில் தெளிவாயிற்று.

அதே நிலையத்தில் ஊல்மன் தம்பதி என்று இருவர் இருந்தார்கள்: யூஜேன், எலிஸபெத். கிருமிகளைத் தாக்கும் வைரஸ் சில சமயம் கிருமிக்குள்ளேயே சாதுவாக அடங்கிக் கிடப்பது ஏன் என்பது அவர்கள் ஆராய்ச்சி. 1943 டிசம்பரில் அவர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. யுத்தத்துக்குப் பிறகு அந்த ஆராய்ச்சியை லுவோஃப் எடுத்துக்கொண்டார். அவர்களுடைய பிள்ளை எலீ ஊல்மனும் அதே மாடியில் வந்து சேர்ந்தார்.

மாடி என்று சொன்னேன். கூரைக்கு அடியில் ஒரு பரண் போன்ற தளம், நீண்ட நடை, ஒரு கோடியில் லுவோஃப், மறு கோடியில் மோனோ. அங்கே 1950-ல் இன்னொருவர் வந்தார். பிரான்ஸ்வா ஜாகோப், வைத்திய மாணவர். ஸர்ஜன் ஆக வேண்டும் என்பது அவர் கனவு. 1940-ல் இருபது வயசில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, தெகோலின் படையில் சேர்ந்து, ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நாலு வருஷம் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டார். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் குண்டு வீச்சில் அவரே படுகாயமடைந்தார். கத்தி பிடிக்கும் உத்தியோகம் இனி இல்லை என்றாகிவிட்டது. இடம் கேட்டு லுவோஃபிடம் பல தடவை நடந்தார். இடமில்லை என்ற பதிலையே கேட்டுத் திரும்பினார். கடைசியில் ஒரு நாள் லுவோஃப் உற்சாகமாக இருந்தார். ஒளிந்திருக்கும் வைரஸை எழுப்பிவிட வழி கண்டுவிட்டோம் என்றார். ஜாகோபுக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தமே தெரியாது. ஆனாலும் அதில்தான் வேலை செய்ய ஆசை என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

இனி அந்த விபரீதம். 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் லைஸென்கோவின் கொள்கை அரசாங்கக் கொள்கையாயிற்று. ஜீன் என்பதே பொய். சூழ்நிலை பயிருக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறதோ அது பரம்பரையாக வரும் என்பது அவர் வாதம். மறுத்தவர்கள் வேலையிழந்தார்கள். வாவிலோவ் போன்ற பெரியவர் அதற்கு ஐந்து வருஷம் முன்பே சிறையில் மாண்டிருந்தார். யுத்த காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, பிறகு விலகியிருந்த மோனோ, செப்டம்பர் 15-ம் தேதி 'கோம்பா' பத்திரிகையில் லைஸென்கோவைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பழைய போராட்டத் தோழர்கள் பலர் அதோடு விரோதிகளானார்கள். ஆனால் சங்கடம் எங்கேயென்றால், அவருடைய சொந்த ஆராய்ச்சிப் பொருளே லைஸென்கோவுக்குச் சாட்சி சொல்வது போல் இருந்தது. லாக்டோஸ் வந்தது, என்சைம் பிறந்தது. சூழ்நிலை கற்றுக் கொடுத்தது என்றுதானே பார்ப்பவருக்குத் தோன்றும்? அப்படியல்ல என்று காட்டாமல் விட்டால் தம் மேஜை மேலிருக்கும் கிருமியே தம்மைப் பொய்யனாக்கிவிடும்.

காட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மெல்வின் கோன் முதலியவர்களோடு சேர்ந்து, லாக்டோஸைப் போலத் தோற்றமுள்ள பல பொருள்களைக் கிருமிக்குக் கொடுத்துப் பார்த்தார் மோனோ. சில பொருள்கள் என்சைமை ஏராளமாகச் செய்யவைத்தன; ஆனால் அந்த என்சைமால் அவற்றை உடைக்கவே முடியவில்லை. சாப்பிட முடியாத ஒன்றுக்காகக் கிருமி பாத்திரம் பண்டம் எல்லாம் எடுத்து வைத்து அடுப்பு மூட்டுகிறது! வேறு சில பொருள்களை என்சைம் சுலபமாக உடைத்தது. ஆனால் அவை உற்பத்தியைத் தூண்டவேயில்லை. பொருள்தான் என்சைமுக்கு உருவம் கற்றுக் கொடுக்கிறது என்ற கட்சி இதோடு அடிபட்டது. கிருமியின் புத்திசாலித்தனமும் கூடவே அடிபட்டது. வெறும் யந்திரம் ஏமாறுவது போல அது ஏமாறுகிறது. 1953-ல் மோனோவும் வேறு நால்வரும் 'தகவமைப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டு 'தூண்டுதல்' என்று சொல்வோம் என்று 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதினார்கள். ஒரு சொல்லை மாற்றுவது சின்னக் காரியம் என்று நினைப்பவர்கள், அந்தச் சொல்லுக்காகச் சிறைக்குப் போனவர்களை நினைத்துப் பார்க்கலாம். 1955-ல், கதிரியக்கக் கந்தகத்தை அடையாளமாக வைத்து, என்சைம் பழைய புரதத்தைத் திருத்திச் செய்ததல்ல, அடியிலிருந்து புதிதாகக் கட்டியது என்பதும் நிச்சயமாயிற்று. லாக்டோஸை உள்ளே கொண்டுவர வாசற்காவலன் போல் மற்றொரு புரதம் இருப்பதை 1956-ல் அறிவித்தார்கள்; அதற்குப் பெர்மியேஸ் என்று பெயர்.

இதற்குள் ஒரு விசித்திரமான கிருமி ஜாதியும் கிடைத்திருந்தது. அது லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் என்சைம் செய்துகொண்டே இருக்கும். 'ஐ' என்று அழைத்த ஒரு ஜீன் கெட்டுப்போனதால் வரும் நிலை அது. என்சைமுக்கு உரிய ஜீன் 'இஸட்'. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு. 'ஐ' ஏன் இப்படிச் செய்கிறது? மோனோ பதில் தயாராக வைத்திருந்தார். தூண்டும் பொருள் இந்த ஜாதியில் உள்ளேயே உற்பத்தியாகிவிடுகிறது, ஆகவே வெளியிலிருந்து வர வேண்டியதில்லை என்றார். அழகான பதில். அவருக்கு மிகவும் பிடித்த பதில்.

1957 செப்டம்பரில் ஆர்தர் பார்டீ என்பவர் கலிபோர்னியாவிலிருந்து ஒரு வருஷ விடுமுறையில் வந்தார். மாடியின் மறு கோடியில் ஜாகோபும் எலீ ஊல்மனும் கிருமிகளின் கலியாணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கோலியில் ஆண் என்று சொல்லத்தக்கது உண்டு. அது தன் ஜீன் இழையைப் பெண்ணுக்குள் மெல்ல மெல்ல செலுத்தும். முழுவதும் போய்ச்சேரச் சுமார் நூறு நிமிஷமாகும். சமையலறை மிக்ஸியில் போட்டுச் சுழற்றினால் ஜோடிகள் பிரிந்துவிடும். எந்த நிமிஷத்தில் எந்த ஜீன் போய்ச் சேர்ந்தது என்று கணக்கிடலாம். இந்த வித்தையை மோனோவின் கேள்வியில் பிரயோகித்தார்கள். பெண் கிருமியில் 'ஐ'யும் 'இஸட்'டும் கெட்டவை. ஆண் கிருமியில் இரண்டும் நல்லவை. தூண்டும் சர்க்கரை எங்கும் கிடையாது. பெண்ணால் என்சைம் செய்ய முடியாது, ஏனென்றால் 'இஸட்' இல்லை. ஆணும் செய்யாது, ஏனென்றால் சர்க்கரை இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்?

நல்ல 'இஸட்' பெண்ணுக்குள் போன சில நிமிஷங்களில் என்சைம் முழு வேகத்தில் பிறக்க ஆரம்பித்தது. நிறமில்லாத ஒரு திரவத்தை இந்த என்சைம் மஞ்சளாக்கும். அந்த மஞ்சளை வைத்தே அளந்தார்கள். உற்பத்தி ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடந்தது. பிறகு நின்றுவிட்டது. சர்க்கரையைப் போட்டால் மறுபடி நடந்தது.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் பொருந்தும். பெண்ணுக்குள் தூண்டும் பொருள் ஊறிக்கொண்டிருந்தால் உற்பத்தி நிற்கவே கூடாது. நின்றது. ஆகவே ஆணிடமிருந்து வந்த நல்ல 'ஐ', மெல்ல ஏதோ ஒரு பொருளைச் செய்து சேர்க்கிறது. அது போதிய அளவு சேர்ந்ததும் உற்பத்தியைத் தடுத்துவிடுகிறது. 'ஐ' கெட்ட கிருமி ஓயாமல் என்சைம் செய்வது தூண்டும் பொருள் இருப்பதால் அல்ல, தடுக்கும் பொருள் இல்லாததால். லாக்டோஸ் செய்வதும் கட்டளையிடுவதல்ல, தடையை நீக்குவதுதான். ஏரி மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பாய் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலகையை எடுத்தால் போதும், தானே பாயும். அணுசக்திச் சங்கிலித் தொடரை 1933-லேயே யோசித்த லியோ சிலார்ட், அப்பொழுது உயிரியலுக்கு வந்திருந்தவர், இந்தச் சோதனைகள் நடக்கும்போதே பாரிஸுக்கு வந்து, தூண்டுதல் என்பது தடையைத் தடுப்பதாக ஏன் இருக்கக் கூடாது என்று மோனோவிடம் வாதாடினார். மோனோ தம் சொந்தக் கொள்கையைக் கைவிட்டார். சந்தோஷமாகக் கைவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்கும்? ஆனால் அதைத் தம் சோதனையாலேயே கொன்றார், சிலார்டுக்குரிய பெருமையையும் நோபல் மேடையில் ஒளிக்காமல் சொன்னார்.

1958 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜாகோப் நியூயார்க்கில் செய்ய வேண்டிய பிரசங்கம் ஒன்றை எழுத முடியாமல் தவித்து, மனைவியோடு சினிமாவுக்குப் போனார். படம் மனதில் பதியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பட்டது: கிருமிக்குள் தூங்கும் வைரஸும், கிருமிக்குள் தூங்கும் என்சைம் ஜீனும் ஒரே விஷயம். இரண்டிலும் ஒரு தடுப்புப் பொருள் நேரே ஜீன் இழை மேல் உட்கார்ந்து பல ஜீன்களை ஒரே அடியாக மூடி வைக்கிறது. நடையின் இரண்டு கோடிகளிலும் எட்டு வருஷமாக ஒரே கேள்வியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்! மோனோ அப்பொழுது ஊரில் இல்லை. செப்டம்பரில் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. பிறகு இருவரும் கரும்பலகைக்கு முன் நின்று மாதக்கணக்காக வாதாடினார்கள். 1960-ல் 'ஆபெரான்' என்ற சொல் பிறந்தது: பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே மடையால் திறந்து மூடப்படும் ஜீன்களின் கூட்டம். 1961-ல் முழுக் கொள்கையும் அச்சாயிற்று. ஜீனிலிருந்து செய்தியை எடுத்துப்போகும் தூது ஆர்.என்.ஏ.வும் அந்த வருஷமே நிரூபணமாயிற்று. 1965-ல் லுவோஃப், மோனோ, ஜாகோப் மூவருக்கும் நோபல் பரிசு. 1935-க்குப் பிறகு பிரான்ஸுக்கு விஞ்ஞானத்தில் கிடைத்த முதல் நோபல் அது.

அந்தத் தடுப்புப் பொருளை அதுவரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அது ஆர்.என்.ஏ.வாக இருக்கும் என்று ஜாகோபும் மோனோவும் ஊகித்தது தவறு. 1966-ல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்து, புரதம் என்று காட்டினார்கள். கில்பர்ட் அப்துஸ் ஸலாமிடம் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டுக் கிருமிக்கு வந்தவர். ஒரு கிருமிக்குள் இந்தப் புரதம் பத்து அளவில்தான் இருக்கிறது. அவ்வளவுதான் காவல். 1970-களின் கடைசியில் மனித இன்சுலினை முதன்முதலாகக் கிருமியில் செய்யவைத்தபோது, அந்த ஜீனைக் கொண்டுபோய் ஒட்டியது இந்த லாக்டோஸ் மடையின் வாயிலில்தான்.

ஆனால் 1940-ன் கேள்வி அப்படியே நின்றது. லாக்டோஸ் இருந்தும், குளுக்கோஸ் தீரும்வரை கிருமி ஏன் அதைத் தொடுவதில்லை? மடைப் பலகை மட்டும் போதுமான பதிலல்ல. ஆக்னெஸ் உல்மன் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி 1958-ல் பாரிஸுக்கு வந்தபோது மோனோவைச் சந்தித்தார். நாட்டை விட்டு வெளியேற அவருக்கு வழியில்லை. மோனோ பழைய ரகசியப் போராட்டக்காரர் அல்லவா? இரண்டு வருஷம் திட்டம் போட்டார். 1960-ல் உல்மனும் கணவரும், கார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி ஒன்றில் குளியல் தொட்டியிருந்த இடுக்கில் ஒளிந்து ஆஸ்திரிய எல்லையைத் தாண்டினார்கள். அந்த உல்மன்தான் 1968-ல் மோனோவோடு சேர்ந்து, வட்ட ஏ.எம்.பி. என்ற சிறு பொருளைக் கிருமிக்குக் கொடுத்தால் குளுக்கோஸின் தடை தளர்ந்துபோகிறது என்று காட்டினார். குளுக்கோஸ் இருக்கும்போது கிருமிக்குள் அந்தப் பொருள் குறைந்துவிடுகிறது என்பது 1965-லேயே அமெரிக்காவில் தெரிந்திருந்தது. பலகையை எடுத்தாலும், ஏரியில் போதிய தண்ணீர் நின்றால்தானே வேகமாகப் பாயும்!

மோனோ 1976-ல் காலமானார். பாதிப் பதில் பாக்கியிருந்தது. 1996-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவர் ஆராய்ந்து பார்த்ததில், குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை லாக்டோஸின் வாசற்காவலனான பெர்மியேஸ் அடைபட்டுக் கிடப்பதே அந்த நடு ஓய்வுக்கு முக்கிய காரணம் என்று தெரிந்தது. லாக்டோஸ் வாசலுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருக்கும் பலகைக்கு அது வந்த செய்தியே போய்ச் சேர்வதில்லை.